ஜன்னலுக்குக் கொசுவலை: வெட்டிக் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

மழைக்காலம் தொடங்கிவிட்டால் ஹார்டுவேர் கடைகளில் கொசுவலை ரோல் வாசலுக்கு வந்துவிடும். வாடிக்கையாளர் வந்து, "நாலுக்கு மூணு, நாலு பீஸ் வெட்டுங்க" என்பார். நாம் ரோலை உருட்டி, கத்திரி போட்டு, சுருட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கல்லாவில் போடுவோம். வியாபாரம் முடிந்தது. கும்பகோணத்தில் மொத்த வியாபாரம் செய்யும் நாங்களும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான் விற்றோம். அந்த வலை ஜன்னலில் எப்படி நின்றது, கொசுவைத் தடுத்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வைத்தது எங்கள் சொந்த வீட்டு ஜன்னல்.

எங்கள் வீடு பழைய காலத்து வீடு. தேக்கு நிலை, நடுவில் இரும்புக் கம்பி, கதவுகள் இரண்டும் தெருப்பக்கம் திறக்கும். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். ஆசாரி வந்து கம்பிக்கு உட்புறம் வலையை இழுத்து, நான்கு பக்கமும் ரீப்பர் வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி அடைமழையில் சாரல் உள்ளே அடித்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. கம்பி வழியாகக் கையை விட்டுத்தான் கதவை இழுத்துக் கொக்கி மாட்ட வேண்டும். வலை குறுக்கே நிற்கிறது. மருமகள் பிளேடை எடுத்துக் கீழ் மூலையில் கை நுழையும் அளவுக்கு வலையைக் கிழித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, கட்டில் நனைகிறது. பிறகு அந்த ஓட்டையில் பழந்துணியைப் பந்தாகச் சுருட்டிச் செருகி வைத்தார்கள். துணி சில நாள் இருக்கும், சில நாள் தரையில் கிடக்கும்.

2017இல் தமிழ்நாடு முழுவதும் டெங்கு பரவியது நினைவிருக்கும். எங்கள் பேத்திக்கும் வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. காலையும் மாலையும் ரத்தத் தட்டணு எண்ணிக்கை என்ன என்று கேட்டு, அந்தத் துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றோம். பிள்ளை நல்லபடியாக வீடு திரும்பினாள். எந்தக் கொசு எந்த வழியாக வந்தது என்று யாரும் சொல்ல முடியாது, பள்ளிக்கூடத்தில்கூடக் கடித்திருக்கலாம். ஆனாலும் வீடு திரும்பிய அன்று அந்த மூலை ஓட்டையை எங்களால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் வலை விற்கிறவன் வீட்டு வலையில் ஓட்டை.

அதன் பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் விசாரிக்கத் தொடங்கினோம். கேட்கக் கேட்க அதே கதை: ஒரு வீட்டில் கை விட ஓட்டை, ஒரு வீட்டில் ஒட்டடை அடிக்க முடியாமல் பிய்த்து எறிந்தது, ஒரு வீட்டில் வலை இருக்கிறது என்று ஜன்னலையே திறக்காமல் விட்டது. எங்களிடமிருந்து போன வலையில் பெரிதாகப் பழுதில்லை. ஜன்னல் எப்படித் திறக்கிறது என்று யாரும் கேட்காமல் வலை கொடுத்ததுதான் பழுது.

ஆகவே கத்திரியை எடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்கள் ஜன்னல் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?" என்பதே.

கதவு வெளிப்பக்கம் திறந்தால் வலை உட்பக்கம் வரும். அந்த வலை திறந்து மூடக்கூடியதாக இருக்க வேண்டும். ஆணியும் ரீப்பரும் கூடவே கூடாது. நல்ல முறை, அலுமினியத்திலோ மரத்திலோ தனிச் சட்டம் செய்து, அதில் வலையை மாட்டி, ஒரு பக்கம் கீல் வைத்து, மறுபக்கம் காந்தமோ சிறு தாழ்ப்பாளோ வைப்பது. அலுமினியச் சட்டத்தில் ஓரக் காடி இருக்கும். வலையை அதன்மேல் விரித்து ரப்பர் பீடிங்கை உருளையால் அழுத்தினால் வலை காடிக்குள் இறுகிவிடும். வலை கிழிந்தால் பீடிங்கை உருவி வேறு வலை மாட்டலாம், சட்டம் அப்படியே இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. முரட்டுத்தனமாக இழுத்து மாட்டினால் சட்டத்தின் நடுப்பகுதி உள்வாங்கி உடுக்கை மாதிரி ஆகிவிடும், நிலைக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி விழும். உயரம் நான்கு அடியைத் தாண்டினால் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கைச்செலவு குறைவாக வேண்டும் என்பவருக்கு வெல்க்ரோ பட்டை இருக்கிறது. நிலையில் ஒரு பட்டை, வலை ஓரத்தில் ஒரு பட்டை. வேண்டும்போது ஒரு மூலையை உரித்துக் கையை விட்டுக் கதவைச் சாத்தலாம். வாடகை வீட்டுக்காரருக்கு இதுதான் சரி. ஆனால் சுண்ணாம்புச் சுவரில் பசை நிற்காது. பெயின்ட் அடித்த நிலையில்கூடத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். மழை நாளில் ஈர மரத்தில் ஒட்டிவிட்டு, "உங்க பசை சரியில்லை" என்று சண்டைக்கு வருவார்கள். வலை ஓரத்துப் பட்டையை ஒட்டுவதோடு நில்லாமல் தையற்காரரிடம் கொடுத்து ஒரு தையல் போடச் சொல்வது நல்லது.

கதவு உட்பக்கம் திறக்கும் ஜன்னலில் வலை வெளிப்புறம் வரும். மாடி ஜன்னலாக இருந்தால் கழுவுவதற்கு வீட்டுக்குள்ளிருந்தே கழற்றும்படி இருக்க வேண்டும். ஏணி போட்டுக் கழுவுவார்கள் என்று நம்ப வேண்டாம். இப்போதைய யு.பி.வி.சி., அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்களில் இரண்டு தடமா மூன்று தடமா என்று கேளுங்கள். மூன்றாவது தடம் வலைக்கென்றே வைப்பது. இரண்டு தடம் மட்டும் இருந்தால் வலைக்குத் தனி வழி பார்க்க வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: கண்ணாடியை முழுவதும் தள்ளாமல் பாதியில் நிறுத்தினால், கண்ணாடிக்கும் வலைச் சட்டத்துக்கும் நடுவில் கொசு நுழையச் சந்து கிடைக்கும். முழுவதும் திற, அல்லது முழுவதும் மூடு என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

அடுத்தது வலைக்கண். 18க்கு 16 என்றால் ஒரு அங்குலத்தில் ஒரு பக்கம் 18 கண், மறுபக்கம் 16 கண் என்று பொருள். அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். 18ஆல் வகுத்தால் 1.41. அதில் இழையின் தடிமன் 0.28ஐக் கழித்தால் கண்ணின் உள்ளளவு 1.13 மி.மீ. மறுபக்கம் இதே கணக்கில் 1.31. கட்டிலுக்குக் கட்டும் கொசுவலைக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு 1.2 மி.மீ., சதுர அங்குலத்துக்கு 156 கண். ஆக 18க்கு 16 வீட்டுக்குப் போதும். பழைய 12 கண் கம்பிவலை ஈயை நிறுத்தும், கொசுவுக்கு அதை நம்பக் கூடாது. சிலர், "இருப்பதிலேயே பொடிக்கண்ணா கொடுங்க" என்பார்கள். கண் சிறுத்தால் காற்றும் சிறுக்கும். 18க்கு 16 வலையிலேயே மூன்றில் இரண்டு பங்குதான் திறப்பு, மீதி இழை. அதன்மேல் தூசியும் படிந்தால் சித்திரை மாதத்தில் அறை புழுங்கும். புழுங்கினால் வலையைத் திறந்து வைத்துவிடுவார்கள். திறந்து கிடக்கும் நல்ல வலையைவிட மூடியிருக்கும் சுமாரான வலை மேல்.

எப்போது மூட வேண்டும் என்பதிலும் நம் மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விளக்கு வைக்கிற நேரத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள், காலையில் எல்லாவற்றையும் அகலத் திறப்பார்கள். இது இரவுக் கொசுவுக்குச் சரி. 1900ஆம் ஆண்டில் இத்தாலியில் ரோம் நகருக்கு அருகே மலேரியா மிகுந்த சதுப்பு நிலத்தில் சாம்பன், லோ என்ற இரு மருத்துவர்கள் வலையடித்த மரக்குடிசையில் மாதக்கணக்கில் தங்கிப் பார்த்தார்கள். செய்ததெல்லாம் பொழுது சாயும் முன் உள்ளே போய் மறுநாள் காலை வரை வெளியே வராமல் இருந்ததுதான். கொய்னா மருந்தும் சாப்பிடவில்லை. மலேரியா அவர்களை அண்டவில்லை. மலேரியாவைப் பரப்பும் கொசு இரவில் கடிப்பது என்பதால் அந்த ஏற்பாடு பலித்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. காலையிலும் மாலை இருட்டும் முன்பும் அதிகம். ஆகவே டெங்குவுக்குப் பயந்து வலை வாங்குகிறவரிடம், பகலில்தான் வலை மூடியிருக்க வேண்டும் என்பதை நாமே சொல்ல வேண்டும். பகல் முழுவதும் மூடியிருந்தால் வெளிச்சமும் காற்றும் வர வேண்டுமல்லவா, அதனால்தான் கண் அளவுக்கு இவ்வளவு கணக்கு. நிறத்தில் கறுப்போ சாம்பலோ கொடுங்கள். வெள்ளை வலையில் வெயில் பட்டால் கண்ணைக் கூசும், வெளியே யார் நிற்கிறார் என்று தெரியாது.

சரக்கு விஷயத்தில் நாங்கள் பட்டதையும் சொல்கிறோம். வெளியூர் வியாபாரி ஒருவர் மலிவு விலை சொல்லிப் பெயரில்லாத பிளாஸ்டிக் வலை நாற்பது ரோல் இறக்கினார். மேற்கு வெயில் படும் ஜன்னல்களில் அது இரண்டாவது கோடையைத் தாங்கவில்லை; விரல் பட்டால் அப்பளமாக நொறுங்கியது. பில் கொண்டுவந்தவர்களுக்கு மாற்றிக் கொடுத்தோம். சில்லறைக் கடைக்காரர்கள் திருப்பியதையும் எடுத்துக்கொண்டோம். அனுப்பியவர் போனை எடுக்கவில்லை. அன்று முதல் புதுச் சரக்கு எதுவானாலும் ஒரு துண்டை மொட்டை மாடியில் கட்டி ஒரு கோடை போட்டுப் பார்த்த பிறகே கொள்முதல்.

பொதுவாக பி.வி.சி. பூசிய பைபர் வலை உள்ளூருக்குப் போதும். துரு இல்லை, வெட்டச் சுலபம். அணிலும் எலியும் நடமாடும் வீட்டுக்கு அது ஆகாது. ஒரே இரவில் கடித்து வழி போட்டுவிடும். அங்கே எஸ்.எஸ். வலைதான். அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலுக்கும் அதுவே. நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ஜி.ஐ. வலை நிற்காது. 304 எஸ்.எஸ். கூடக் கடலை ஒட்டிய வீட்டில் பழுப்புக் கறை பிடிக்கும். வசதி உள்ளவர் 316 கேட்கட்டும், மற்றவருக்குப் பைபரே கொடுத்துவிடலாம்.

அளவெடுப்பதில் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தை அதேபோல் மூன்று இடத்திலும் எடுத்து, நிலைக்குள் வைக்கும் சட்டமானால் சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும். மூலைக்கு மூலை குறுக்களவும் எடுங்கள். பழைய நிலைகள் பெரும்பாலும் கோணல்தான். வெட்டுவதற்கும் கணக்கு உண்டு. 44க்கு 33 அங்குலச் சட்டம் ஆறு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு இரண்டு அங்குலம் விட்டால் துண்டு 48க்கு 37. நான்கடி ரோலில் 37 அங்குலமாக வெட்டினால் ஆறு துண்டுக்கு 18½ அடி நீளம், 74 சதுர அடி. கடையில் ஐந்தடி ரோல்தான் இருக்கிறது என்று அதில் 48 அங்குலமாக வெட்டினால் 24 அடி நீளம், 120 சதுர அடி. நாற்பத்தாறு சதுர அடி வாடிக்கையாளர் தலையில் வீணாக விழுகிறது. அன்று நமக்கு லாபம் போலத் தெரியும். மறுமுறை அவர் வேறு கடைக்குப் போவார்.

கதவுக்கு வலை போடுவதில் முக்கியம், வலைக்கதவு வெளிப்பக்கம் திறப்பது. வலைமேல் உட்கார்ந்திருக்கும் கொசு, கதவைத் தள்ளும்போது வெளியே போகும். உள்ளே இழுத்தால் நம்மோடு வீட்டுக்குள் வரும். தானாக மூடிக்கொள்ள ஸ்பிரிங் கட்டாயம். குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும் பெண்மணி எந்தக் கையால் கதவைச் சாத்துவார்? அடியில் ஒரு அடி உயரத்துக்கு வலைக்குப் பதில் தகடு, அதற்கும் கீழே நிலைப்படியைத் தொடும் பிரஷ் பட்டை.

ஓட்டு வீட்டுக்காரர் வந்தால் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள திறப்பைக் கேளுங்கள். அதை விட்டுவிட்டு ஜன்னலுக்கு மட்டும் வலை போடுவது வீண் செலவு என்று சொல்லிவிடுவதே நாணயம். குளியலறை வென்டிலேட்டர், செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாய், மேல்நிலைத் தொட்டியின் வழிந்தோடும் குழாய் ஆகியவற்றுக்கு ஓரத்தில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளே போதும். நாங்கள் அவற்றை ஜன்னல் வலை வாங்குவோருக்கு இலவசமாகவே கொடுக்கிறோம்.

பலகாரக் கடை, ஓட்டல் நடத்தும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. உணவுப் பாதுகாப்பு உரிமம் பற்றிய 2011ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே ஜன்னல், கதவுகளுக்குப் பூச்சி வலையும், கதவுக்குத் தானாக மூடும் ஸ்பிரிங்கும் சொல்லியிருக்கிறது. வலை சுத்தம் செய்யக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. ஆணி அடித்த வலை அங்கேயும் செல்லாது.

எங்கள் வீட்டில் இப்போது எல்லா ஜன்னலுக்கும் கீல் வைத்த சட்டம். கடையில், கதவு திறக்கும் பக்கம், ஆறு அளவுகள், அணில் உண்டா, கடல் அருகிலா என்று கேட்டு நிரப்பும் அரைத்தாள் படிவம் ஒன்று அச்சடித்து ரோலுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பையன்கள் அதை நிரப்பாமல் வலை வெட்டக் கூடாது. முதலில் வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். இப்போது அளவோடு வருகிறார்கள். படிவம் வேண்டும் உறுப்பினர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது எங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.