புதிய பவளத் தொட்டியில் பி.எச்.: புட்டியா, காற்றா?

கடல்நீர்ப் பவளத் தொட்டியைப் புதிதாக வைப்பவர்கள் முதல் இரண்டு மாதங்களில் வாங்கும் பொருள்களில் அநேகமாக வீணாவது பி.எச். ஏற்றும் பவுடர்தான். மீட்டர் 7.8 காட்டுகிறது, கடலில் 8.1 என்று படித்திருக்கிறோம். கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டுகிறார். ஒரு மூடி போட்டதும் எண் ஏறுகிறது, மறுநாள் காலையில் பழையபடி 7.8க்கு வந்துவிடுகிறது. திரும்பவும் ஒரு மூடி. இப்படியே ஒரு மாதம் போனால் பி.எச். இருந்த இடத்திலேயே இருக்கும், ஆல்கலினிட்டி (தண்ணீரின் அமிலம் தாங்கும் திறன், அதன் அலகு டி.கே.எச்.) மட்டும் 12, 13 டி.கே.எச். வரை ஏறி, ஹீட்டர் மேலும் பம்ப் மேலும் வெள்ளைப் பொருக்கு தட்டியிருக்கும். பவுடரில் குறையில்லை. தொட்டியில் குறைந்திருந்தது ஒன்று, நாம் கொட்டியது வேறொன்று. அதனால் எந்தப் பொருளை வாங்குவது என்பதற்கு முன்னால், பி.எச். எதனால் இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். புதிய தொட்டியில் பெரும்பாலும் அதற்குக் காரணம் தண்ணீருக்கு வெளியே, அறைக் காற்றில் இருக்கிறது.

கடல்நீரின் பி.எச்.சைத் தீர்மானிப்பவை முக்கியமாக இரண்டு: ஆல்கலினிட்டி, கரைந்திருக்கும் கரியமில வாயு. முதலாவது கூடினால் பி.எச். ஏறும், இரண்டாவது கூடினால் இறங்கும். வெளிக்காற்றில் இன்று கரியமில வாயு 420 பிபிஎம்முக்குச் சற்று மேல். ஆல்கலினிட்டி 7, 8 டி.கே.எச். உள்ள கடல்நீர் அந்தக் காற்றோடு சமநிலைக்கு வந்தால் பி.எச். 8.1ஐ ஒட்டி நிற்கும். ஜன்னல்களைச் சாத்தி ஏ.சி. போட்ட அறையில் கதை வேறு. ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையேதான் குளிர வைத்துச் சுற்றவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஒரு மனிதர் நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறார். நாலு பேர் புழங்கும் மூடிய கூடத்தில் 1000 பிபிஎம்மைத் தாண்டுவது சாதாரணம். கரியமில வாயு இரட்டித்தால் பி.எச். ஏறக்குறைய 0.3 குறையும். ஆக அதே தண்ணீர், அதே உப்பு, மூடிய அறையில் 7.8 காட்டும். அந்த 0.3ஐப் பவுடரால் மட்டும் ஈடுகட்ட நினைத்தால் ஆல்கலினிட்டியை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும்: எட்டு என்றால் பதினாறு. எந்தப் பவளமும் விரும்பாத தண்ணீர் அது.

காரணத்தை உறுதிசெய்யச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரை பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோய், ஏர் ஸ்டோன் போட்டு ஒரு மணி நேரம் காற்று விட்டு, பி.எச்.சை அளக்க வேண்டும். நன்றாக ஏறினால் குற்றவாளி அறைக் காற்று. ஏறாவிட்டால் ஆல்கலினிட்டியைப் பாருங்கள். இரண்டுக்கும் முன்னால் மீட்டரை 7 மற்றும் 10 பஃபர் கரைசல்களில் சரிபார்த்தாக வேண்டும். வண்ணம் பார்த்துச் சொல்லும் கிட்டுகள் 0.2, 0.3 வித்தியாசத்தைப் பிடிக்கும் அளவுக்கு நுட்பமானவை அல்ல. அளக்கும் நேரமும் முக்கியம். விளக்கு எரியும்போது பாசியும் பவளமும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் மாலையில் எண் உச்சத்திலும், விளக்கு போடுவதற்குச் சற்று முன் அடிமட்டத்திலும் இருக்கும். காலை எண்ணைப் பார்த்து மருந்து கொடுப்பவர் இயல்பான இறக்கத்தையே நோயென்று எண்ணிக்கொள்கிறார்.

புட்டிக்கு நியாயமான இடமே இல்லையா என்றால், இருக்கிறது. புதிய தொட்டி சுழற்சியில் இருக்கும்போது பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலையில் ஆல்கலினிட்டி செலவாகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் மாறினால் ஏறக்குறைய 0.8 டி.கே.எச். போகும். அளந்து பார்த்து 7க்குக் கீழே இருந்தால் ஏற்றத்தான் வேண்டும். அதற்கும் விலையுயர்ந்த புட்டி தேவையில்லை. நூறு லிட்டர் தண்ணீரில் 1 டி.கே.எச். ஏற்ற ஆப்பச்சோடா மூன்று கிராம் போதும். (பேக்கிங் பவுடர் வேறு சரக்கு, அதைத் தொடக்கூடாது.) ஆப்பச்சோடா பி.எச்.சை ஏற்றாது, அந்த நேரத்துக்குத் துளி இறக்கும்கூட. அதே சோடாவை அடுப்பில் வறுத்துச் சோடியம் கார்பனேட்டாக்கிப் போட்டால், இரண்டு கிராமுக்குள் அதே ஆல்கலினிட்டி கிடைக்கும், பி.எச்.சும் ஏறும். ஆனால் அந்த ஏற்றம் நிற்காது. அறைக் காற்றோடு சமநிலைக்கு வந்தபின் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து சேரும்.

வழிகளை இரண்டு குடும்பமாகப் பிரித்துப் பார்த்தால் தேர்வு எளிது. பவுடர், கார்பனேட் கரைசல், சுண்ணாம்பு நீர் மூன்றும் பி.எச்.சோடு ஆல்கலினிட்டியையும் ஏற்றுபவை. வெளிக்காற்று, ஸ்கிரப்பர், ரெஃப்யூஜியப் பாசி மூன்றும் ஆல்கலினிட்டியைத் தொடாமல் கரியமில வாயுவை மட்டும் எடுப்பவை. புதிய தொட்டியில் எலும்புக்கூடு கட்டும் பவளம் ஒன்றிரண்டுதான் இருக்கும், ஆல்கலினிட்டியைத் தின்ன ஆளில்லை. போட்டதெல்லாம் சேர்ந்துகொண்டே போகும். எனவே முதல் சில மாதங்களுக்கு இரண்டாம் குடும்பத்துக்குள்தான் தேட வேண்டும். அதில் முதலில் நிற்பது, ஸ்கிம்மரின் (காற்றை இழுத்து நுரையாக்கிக் கழிவை எடுக்கும் கருவி) காற்றுக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே நீட்டுவது. சில மீட்டர் குழாய்க்கு ஆகும் காசுதான் செலவு. வெயில் காற்று தொட்டியைச் சூடாக்கிவிடும் என்று பயப்படுவார்கள். மணிக்கு ஐந்நூறு லிட்டர் இழுக்கும் ஸ்கிம்மர் கொண்டுவரும் வெப்பம், ஈரப்பதத்தையும் சேர்த்தே, சில வாட்தான். விளக்கும் பம்பும் தரும் சூட்டின் முன் அது ஒரு பொருட்டல்ல. கவனிக்க வேண்டியது கொசுப்புகை. தெருவில் கொசுமருந்துப் புகை அடிக்கும் வண்டி வரும் நகரங்களில் அந்த மருந்து இறாலுக்கும் நண்டுக்கும் எமன். குழாயில் ஒரு வால்வு வைத்து, புகை வரும்போது மூடிவிட வேண்டும். ஜன்னல் இல்லாத அறை என்றால் சோடா லைம் நிரப்பிய ஸ்கிரப்பர். வேலை செய்யும், ஆனால் வாய் பெரிது. 1000 பிபிஎம் காற்றை மணிக்கு ஐந்நூறு லிட்டர் இழுத்தால் நாளொன்றுக்கு இருபது கிராமுக்கு மேல் கரியமில வாயு. ஒரு கிலோ சரக்கு பத்துப் பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். மாதாமாதம் அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று பார்த்து இறங்குங்கள். ரெஃப்யூஜியமாக, தொட்டிக்குக் கீழிருக்கும் சம்ப்பில் கீட்டோமார்ஃபா பாசி வளர்த்து, மேல் விளக்கு அணைந்தபின் அதற்கு விளக்கு போடுவது நல்ல துணை: இரவு இறக்கத்தைக் குறைக்கும், நைட்ரேட்டையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் இளம் தொட்டியில் பாசி தழைக்க உரம் போதாமல் போகலாம், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மணல் என்ற ஏழாவது வழியும் அடிக்கடி சொல்லப்படுகிறது: அரகோனைட் மணலோ பவளத் துண்டுகளோ போட்டால் அவை கரைந்து பி.எச்.சைத் தாங்கிப்பிடிக்கும் என்று. சாதாரணக் கடல்நீர் அரகோனைட்டில் மிகைநிறைவு கொண்டது, 7.8லும் 8லும் அது கரையாது. அழகுக்குப் போடலாம், மருந்தாக அல்ல. ராமேசுவரம் பக்கத்திலிருந்து யாரோ எடுத்துவந்த பவளத் துண்டானால் அழகுக்கும் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. தூத்துக்குடிக் கடலில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பிய காலம் போய்விட்டது.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. பி.எச். கூடினால் பவளம் வேகமாக வளரும் என்பது உண்மைதானே? உண்மைதான். அரிசோனாவின் பயோஸ்ஃபியர் 2 வளாகத்துச் செயற்கைத் திட்டில் கிறிஸ் லாங்டன் குழுவினர் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், கார்பனேட் நிறைவு குறையக் குறையச் சுண்ணாம்பு கட்டும் வேகமும் குறைந்தது. அதனால்தான் குச்சிப் பவளங்கள் நிறைந்த முதிர்ந்த தொட்டிக்காரர்கள் 8.3க்கு மல்லுக்கட்டுகிறார்கள், அவர்களுக்கு அது லாபம். இரண்டு மாதத் தொட்டியில் வளர வேண்டியது முதலில் பாக்டீரியா. தவிர, அமோனியா இன்னும் தீராத தண்ணீரில் பி.எச்.சை 0.3 ஏற்றினால் அதில் நஞ்சான பங்கு ஏறக்குறைய இரட்டிக்கும், மீன்தான் விலை கொடுக்கும். 7.8 என்பதே ஆபத்தல்ல. பவளத் தொட்டி வேதியியலை நெடுங்காலமாக எழுதிவரும் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி 7.8 முதல் 8.5 வரை ஏற்கத்தக்கது என்கிறார். ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவு போன்ற ஆழமற்ற திட்டுகளில் ஒரே நாளுக்குள் அரை அலகுக்கு மேல் ஏறி இறங்குவது பதிவாகியிருக்கிறது. ஆல்கலினிட்டி எட்டில் அசையாமல் நின்று, பி.எச். 7.8க்கும் 8.1க்கும் இடையே ஊசலாடினால், ஒன்றும் செய்யாமலிருப்பதும் ஒரு தேர்வுதான்.

முதல் குடும்பத்தின் முறை வருவது, அளக்கும்போது ஆல்கலினிட்டி வாராவாரம் தானாக இறங்கத் தொடங்கும்போது. அப்போது என் ஓட்டு சுண்ணாம்பு நீருக்கு. 1970களில் பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய பழைய முறை. கால்சியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு, பவளத்துக்கு வேண்டிய கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் அது செலவழிக்கும் அதே விகிதத்தில் தருகிறது. உணவுத் தரச் சரக்காக இருக்க வேண்டும், வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு ஆகாது. லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும், பி.எச். 12க்கு மேல். ஆகவே தெளிந்த நீரை, இரவில், சொட்டுச் சொட்டாக, ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக மட்டுமே விட வேண்டும். நூறு லிட்டர் தொட்டியில் நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியானால், முழுச் செறிவில் விடும்போது ஒரு டி.கே.எச்.சுக்குச் சற்று மேலும் எட்டு பிபிஎம் கால்சியமும் சேரும். தொடக்கத்தில் அதில் கால்வாசிச் செறிவே தாராளம். தண்ணீர் நிரப்பும் தானியங்கி மாட்டிக்கொண்டு மொத்தமாகக் கொட்டினால் தொட்டி ஓரிரவில் போய்விடும், எனவே அதன் வாளியில் ஓரிரு நாளுக்குமேல் சுண்ணாம்பு நீர் வைக்கக்கூடாது. பவளங்கள் பெருத்து, ஆவியாகும் நீர் அளவுக்குள் தேவை அடங்காமல் போகிற நாளில்தான் கால்சியம் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் தனித்தனியாக விடும் இரட்டைக் கரைசலுக்குப் போக வேண்டியிருக்கும்.