கணிப்பொறியில் படம் வரைதல்: நெய்வேலியை முன்னிட்டுச் சில குறிப்புகள்

தமிழ் பயிலும் மாணவனுக்குக் கணிப்பொறியில் படம் வரையும் தொழிலில் என்ன நாட்டம் என்று நண்பர் சிலர் வினவுவர். நெய்வேலியில் வளர்ந்தோர்க்கு இவ்வினா எழாது. ஆங்குச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் குடியிருப்பும் முதலிற் படத்தில் எழுந்து பின்னரே மண்ணில் எழுந்தவை. 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய காலத்தில், பலகையும் டி-ஸ்கொயரும் மைப்பேனாவுமே படம் வரைவோரின் கருவிகள். 1963-இல் ஐவன் சதர்லாந்து என்பார் ஸ்கெட்ச்பேட் என்னும் முறையை அமைத்து, ஒளிப்பேனாவால் திரையிற் கோடு இழுத்துக் காட்டினார். 1982-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ஆட்டோகேட் அக்கலையை மேசைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தது. அதனைக் கற்கப் புகுவார்க்குப் பயன்படும் சிலவற்றை ஈண்டுக் கூறுவல்.

அதன் உறுப்புகளுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது லேயர். கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வேண்டுவதை எடுத்தும் வேண்டாததை விலக்கியும் பார்ப்பதனோடு இதனை ஒப்பிடலாம். நெய்வேலி நிலமே இதற்கு உவமை. மேல்மண், மணல், களிமண், பழுப்பு நிலக்கரி, அதன்கீழ் மேல்நோக்கி அழுத்தும் ஊற்றுநீர் என்று அடுக்கடுக்காய் அமைந்தது அது. அந்நீரை இடையறாது இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றிக் கரியை வெட்டுதல் இயலாது. இவ்வனைத்தையும் ஒரே லேயரில் வரைந்துவைப்பவன், பின்னர் நீர்மட்டத்தை மட்டும் காட்டுக என்றால் விழிப்பான்.

அடுத்தது பிளாக். ஒரு வீட்டை ஒருமுறை வரைந்து பெயரிட்டுவிட்டால், அதனையே நூறிடத்து நிறுவலாம். மூலத்திற் சன்னலை மாற்றினால் நூறு வீட்டிலும் மாறும். ஒரே வகை வீடுகள் வரிசையாய் நிற்கும் நெய்வேலிக் குடியிருப்பை வரைவார்க்கு இது பெருந்துணை. (அக்குடியிருப்பின் பிளாக்குகளை நாம் வட்டம் என்கிறோம், அவ்வட்டங்கள் நாற்கோணமாய் இருத்தல் வேடிக்கையே.) பிளாக்கின் உறுப்புகளைப் பூஜ்ய லேயரில் வரைக. அங்ஙனம் வரைந்தால், நிறுவிய லேயரின் நிறத்தை அவை தாமே ஏற்கும். அலகையும் நோக்குக: மில்லிமீட்டரில் வரைந்த 450 அளவுள்ள நாற்காலி, மீட்டரில் அமைந்த படத்துள் அலகு குறிக்கப்படாமற் புகுந்தால் 450 மீட்டர் அகலத்தோடு ஒரு தெருவையே விழுங்கும்.

நிற்க. இத்தொழிலின் உயிர்நிலை கோடு கோட்டைத் தொடும் இடத்தில் உள்ளது. 1:5000 என்னும் அளவிலமைந்த காகிதப் படத்தில் அரை மில்லிமீட்டர் தடித்த மைக்கோடு, நிலத்தில் 2.5 மீட்டர் அகலத்தை மறைக்கும். அந்நிலம் உழவனுடையதோ சுரங்கத்தினுடையதோ என்பதை மை சொல்லாது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில், நிற்கும் நெற்பயிரை அழித்துக் கால்வாய் வெட்டியபோது எழுந்த கொந்தளிப்பை அறிந்தோர், எல்லைக் கோட்டை எளிதாக எண்ணார். கணிப்பொறிக் கோட்டிற்கு இயல்பில் தடிப்பில்லை. இருமுனைகளின் எண்களே அதன் மெய். ஆனால் கண்ணால் மதித்து முனைகளைச் சேர்த்தால், திரையிற் கூடியதாய்த் தோன்றுவது பெருக்கிப் பார்க்கையில் விலகி நிற்கும், பரப்பளவும் பிழைபடும். எஃப் 3 விசையை அழுத்தி ஆப்ஜெக்ட் ஸ்நாப்பை எழுப்பிக்கொண்டே எல்லையை வரைக.

பழைய புலப்படத்தைப் படியெடுத்துத் திரையிற் கொணர்ந்தால், ஸ்கேல் கட்டளையில் ரெஃபரன்ஸைத் தேர்ந்து, இரு கற்களைத் தொட்டு, அவற்றிடை எழுதப்பட்ட நீளத்தைக் கொடுக்க. படம் முழுதும் அவ்வளவிற்கு வரும். அத்துடன் அமையாது, வேறு திசையிலுள்ள மற்றொரு நீளத்தையும் அளந்து பார்க்க வேண்டும்; காகிதம் எப்பக்கமும் ஒரே அளவாய்ச் சுருங்குவதில்லை.

இறுதியாக ஒன்று. அளவைக் கற்களைத் தனி லேயரில் இட்டு அதனைப் பூட்டுக. அணைத்து வைத்தல் மட்டும் காவலாகாது. அணைந்த லேயரிலுள்ள பொருள் கண்ணுக்குத் தெரியாதாயினும், எல்லாவற்றையும் தேர்ந்து அழிக்கும் கட்டளை அதனையும் அழித்துவிடும். உறையவைத்த லேயரையோ பூட்டிய லேயரையோ அக்கட்டளை தீண்டாது.