சூரியன் ஏன் புள்ளியானது? கேமரா லென்ஸ் சொல்லும் கணக்கு

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி உங்களுக்கு நினைவிருக்கிறதா? பள்ளி விடுமுறை நாள். கிறிஸ்துமசுக்கு மறுநாள். அன்று கங்கண சூரிய கிரகணம் நிகழ்ந்தது. சந்திரன் சூரியனின் நடுப்பகுதியை மறைக்க, விளிம்பு மட்டும் நெருப்பு வளையம்போல் மிஞ்சி நின்றது. கிரகணப் பாதை சவூதி அரேபியாவில் தொடங்கி, கோயம்புத்தூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களைக் கடந்து, நம் ஜொகூரின் தென்கோடியையும் தொட்டது. ஆசிய நிலப்பரப்பின் தென்முனையான தஞ்சோங் பியாயில் கேமராவும் கையுமாகப் பலர் கூடினர்.

அன்று மாலையே கைப்பேசிக்குக் கைப்பேசி படங்கள் பறந்தன. எனக்கு வந்தவற்றில் மூன்றைச் சேமித்து வைத்திருக்கிறேன். படிவம் 4 மாணவர்களுக்கு ஒளியியல் பாடம் நடத்தும்போது அவற்றைக் காட்டுவேன். முதல் படம் கைப்பேசியில் எடுத்தது. வானத்தில் ஒரு சிறு பொட்டு. இரண்டாவது, கேமராவோடு சேர்ந்து வரும் சாதாரண லென்ஸில் எடுத்தது. பச்சைப்பயறு அளவில் ஒரு வெளிச்சம். மூன்றாவது நீண்ட லென்ஸில் எடுத்தது. தெளிவான தங்க வளையம்.

"சார், மூன்றாவது எந்த பிராண்ட்?" என்பதுதான் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி. பிராண்டில் அல்ல, ஓர் எண்ணில்தான் விடை இருக்கிறது. அந்த எண்ணை இன்று பார்ப்போம்.

குவியத் தூரம்

வெகு தூரத்தில் உள்ள பொருளின் ஒளி, லென்ஸுக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட தொலைவில் குவிந்து பிம்பமாகிறது. அந்தத் தொலைவே குவியத் தூரம். லென்ஸின் விளிம்பில் 55 மி.மீ., 500 மி.மீ. என்று எழுதியிருப்பது இதைத்தான்.

பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனின் அகலம் ஏறத்தாழ அரை பாகை. இதனால் ஓர் எளிய விதி கிடைக்கிறது: சூரியனுடைய பிம்பத்தின் விட்டம், குவியத் தூரத்தில் சுமார் 110இல் ஒரு பங்கு. மூன்று படங்களுக்கும் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கைப்பேசி லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 5 மி.மீ. அளவே. 5ஐ 110ஆல் வகுத்தால் 0.045 மி.மீ. சாதாரண லென்ஸின் 55 மி.மீ.க்கு அரை மி.மீ. நீண்ட லென்ஸின் 500 மி.மீ.க்கு ஏறக்குறைய 4.5 மி.மீ. முதல் பிம்பத்தைவிட மூன்றாவது 100 மடங்கு அகலம்.

மெகாபிக்சல் கைகொடுக்குமா?

"என் கைப்பேசியில் 48 மெகாபிக்சல் இருக்கிறதே!" என்று ஒரு மாணவர் விடாமல் வாதிட்டார். நல்ல கேள்வி. அத்தகைய கைப்பேசியின் சென்சரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.0008 மி.மீ. அப்படியானால் 0.045 மி.மீ. பிம்பத்தின் குறுக்கே 56 பிக்சல்கள் அமையும்.

இப்போது வளையத்தைக் கவனியுங்கள். அன்று சந்திரனின் தோற்ற அகலம் சூரியனுடையதில் 97 விழுக்காடு. மீதி 3 விழுக்காடு இரு பக்கமும் பகிரப்படுவதால், சந்திரன் சரியாக நடுவில் இருந்தபோது வளையத்தின் தடிமன் சூரிய விட்டத்தில் 1.5 விழுக்காடு. 56 பிக்சலில் 1.5 விழுக்காடு என்றால் ஒரு பிக்சல்கூட இல்லை! கைப்பேசியில் வளையம் பதியாததற்குக் காரணம் இதுவே.

நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராவில் ஒரு பிக்சல் 0.004 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 4.5 மி.மீ. பிம்பத்தில் 1,100 பிக்சலுக்கு மேல் அமையும். வளையத்துக்கு 17 பிக்சல் கிடைக்கும். அதனால்தான் தங்கக் காப்பு தெளிவாகத் தெரிந்தது.

விரலால் திரையை விரித்து டிஜிட்டல் ஸூம் செய்தால் என்ன? பதிவான பிக்சல்களே பெரிதாகத் தெரியும். புதிய விவரம் எதுவும் வராது. ரப்பர் பலூனில் எழுதிய எழுத்தை ஊதிப் பெரிதாக்குவது போன்றது அது.

லென்ஸின் துளையும் ஆபத்தும்

லென்ஸில் இன்னோர் எண்ணும் இருக்கும்: எஃப் 5.6, எஃப் 8 என்று. குவியத் தூரத்தை ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது இது. எண் சிறியதானால் துளை பெரியது, ஒளியும் அதிகம். எஃப் 8ஐவிட எஃப் 4இல் நான்கு மடங்கு ஒளி நுழையும்.

500 மி.மீ. லென்ஸை எஃப் 5.6இல் வைத்தால் துளையின் விட்டம் சுமார் 89 மி.மீ. அவ்வளவு அகலத்தில் நுழையும் வெயில் முழுவதும் 4.5 மி.மீ. வட்டத்துக்குள் அடங்குகிறது. விட்டம் 20 மடங்கு சுருங்கினால் பரப்பு 400 மடங்கு சுருங்கும். அதாவது நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 400 மடங்கு செறிவாகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கிய அனுபவம் உங்களுக்கு இருக்கும். அதே வேலைதான் கேமராவுக்குள்ளும் நடக்கிறது.

கண்ணாடி வழியாக நேரே பார்க்கும் வகைக் கேமராக்களில், லென்ஸ் திரட்டிய ஒளி உங்கள் கண்ணுக்கே வருகிறது. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அது பொசுங்கும்போது உங்களுக்குத் தெரியாது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் கறை தோன்றும். அந்தப் பாதிப்பு சிலருக்கு நிரந்தரமாகிவிடும். திரையைப் பார்த்து எடுக்கும் கேமராவில் கண் தப்பலாம், சென்சர் கருகலாம்.

"சூரியன் பெரும்பாலும் மறைந்துவிட்டதே" என்று எண்ணாதீர்கள். 97 விழுக்காடு அகலம் மறைந்தால் பரப்பில் 94 விழுக்காடு மறையும். மிஞ்சும் 6 விழுக்காடே கண்ணைக் கெடுக்கப் போதும். எனவே கங்கண கிரகணத்தில் வடிகட்டியை ஒரு நொடியும் கழற்றக்கூடாது.

நினைவில் வைக்க வேண்டியவை:

1. சூரிய வடிகட்டியை லென்ஸின் முன்புறம் பொருத்த வேண்டும். பின்புறம் வைத்தால் செறிந்த வெப்பத்தில் அது உடைந்துவிடலாம். இவ்வகை வடிகட்டி ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும்.
2. வெறும் கண்ணால் பார்க்க ஐ.எஸ்.ஓ. 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி வேண்டும். அதை அணிந்துகொண்டு கேமரா அல்லது தொலைநோக்கி வழியாகப் பார்க்கக்கூடாது.
3. கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படச்சுருள், குறுந்தட்டு ஆகியவை வேண்டவே வேண்டாம்.

செய்து பாருங்கள்

விலை உயர்ந்த கேமரா இல்லையே என்று வருந்த வேண்டாம். இந்தச் சோதனைக்குக் கிரகணமும் தேவையில்லை. ஒரு தடித்த அட்டையில் குண்டூசியால் சிறு துளையிடுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, அட்டையைத் தோளுக்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள். துளை வழியே வரும் ஒளி, 110 செ.மீ. தள்ளி, சூரியனை நோக்கிச் சாய்த்துப் பிடித்த வெள்ளைத் தாளில் விழட்டும். தாளைப் பிடிக்க நண்பரை அழைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 1 செ.மீ. அகலமுள்ள வட்டம் தெரியும். துளை வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள். தாளை மட்டுமே பாருங்கள்.

அந்த வட்டம் துளையின் வடிவமல்ல, சூரியனின் பிம்பம். இப்னு அல்-ஹைதம் என்ற அறிஞர், கிரகணத்தின்போது சிறு துளை வழியே பிறை வடிவப் பிம்பம் விழுவதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து எழுதினார். கிரகண நேரத்தில் மரத்தடி நிழலில் நூற்றுக்கணக்கான பிறைகள் சிதறிக் கிடப்பதும் இதனால்தான். இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு கேமரா.

இன்னும் ஒரு படி போவோம். சூரியன் சுமார் 15 கோடி கி.மீ. தொலைவில் உள்ளது. அதை 110ஆல் வகுத்தால் 13.6 லட்சம் கி.மீ. சூரியனின் உண்மையான விட்டம் ஏறத்தாழ 13.9 லட்சம் கி.மீ. ஓர் அட்டையையும் குண்டூசியையும் கொண்டு இவ்வளவு நெருங்கிவிட்டோம்!

அடுத்த வாய்ப்பு தொலைவில் இல்லை. 2031ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி நிகழும் கங்கண கிரகணத்தின் பாதை, தென்னிந்தியாவையும் இலங்கையின் வட முனையையும் கடந்து மலேசியாவுக்கும் வருகிறது. அன்று எந்த ஊரில் நிற்க வேண்டும் என்று வரைபடத்தில் இப்போதே தேடி வையுங்கள். அதுவரை ஒரு வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டில் உள்ள கேமராவின் லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். அதில் சூரியன் எத்தனை மில்லிமீட்டர் அகலத்தில் பதியும்? விடையைக் கண்டுபிடித்த பிறகு, புதிய லென்ஸ் வேண்டுமா என்று அப்பாவிடம் பேசுங்கள். வடிகட்டியை மட்டும் முதலில் கேளுங்கள்.