ரயிலில் பாடிய சிறுமி

கேள்வி: சிறு வயதிலேயே மேடையேறிப் பாடி நடித்துப் புகழ்பெற்ற நடிகை யார்? (வாசகர், மங்கலம்பேட்டை)

பதில்: உடனே நினைவுக்கு வருபவர் கே.பி.சுந்தராம்பாள். 1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமை. ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரல், ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி.நடேச ஐயரின் காதில் விழுந்தது. அதுவே திருப்பம்.

வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்தார். 'நல்லதங்காள்' நாடகம். பசியால் துடிக்கும் பிள்ளை வேடம். பசியை அறிந்த குழந்தைக்கு அந்த அழுகையை யாரும் கற்றுத்தர வேண்டியிருந்திருக்காது! மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் சொல்லாகக் கேட்க வேண்டும். அந்தக் கணீர்க் குரலைத் தீட்டியது மேடைதான்.

இலங்கை மேடைகளில் தொடங்கி நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களில் பாடினார், அவரையே மணந்தார். 1933-ல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவில்லை.

1935-ல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். 1953-ல் 'ஔவையார்'. சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1980-ல் காலமானார்.