முகப்பு மட்டும் ஏன் மின்னுகிறது?

கேள்வி: மலாக்கா ஜோங்கர் சாலை இரவுச் சந்தையில் பழைய சீக்கோ 5 ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் வாங்கினேன். 180 வெள்ளி. பின்மூடியில் 7009 என்ற எண் உள்ளது. உடம்பெல்லாம் கீறல், முகப்பு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், ஜாசின்

பதில்: பாதி ஏமாந்திருக்கிறீர்கள். நாற்பது வருட உடம்பில் நேற்றுப் பிறந்த முகம் இருந்தால் அது மறுவண்ணம்தான். மும்பைப் பட்டறைகள் இதற்குப் பெயர்போனவை.

உறுதி செய்ய ஒரு பூதக்கண்ணாடி போதும். 6 மணிக்குக் கீழே, முகப்பின் விளிம்பில் பொடி எழுத்து இருக்கும். அதுவும் 7009 என்று தொடங்க வேண்டும். அடுத்து வரும் எண் பின்மூடியோடு ஒத்துப்போகாவிட்டால் பயப்படாதீர்கள், அது இயல்பு. பொடி எழுத்தே இல்லை, அல்லது மை கசிந்து தடித்திருக்கிறது என்றால் மறுவண்ணம்.

பின்மூடியின் ஆறிலக்க வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டு, இரண்டாவது மாதம். 83 என்று தொடங்கினால் 1978 அல்லது 1988 மார்ச். பத்தாண்டுக் குழப்பத்தை சீக்கோ நமக்கே விட்டுவிட்டது!

திருகைச் சுற்றிச் சாவி கொடுக்க முயலாதீர்கள். 7009-இல் அந்த வசதியே கிடையாது. இலேசாக ஆட்டினால் ஓடும். பின்மூடியில் 'வாட்டர் ரெசிஸ்ட்' என்றிருப்பதை நம்பிக் குளிக்கப் போகாதீர்கள், உள்ளிருக்கும் ரப்பர் வளையம் எப்போதோ இறுகியிருக்கும். கடிகாரக் கடையில் திறந்து பார்த்து, இயந்திரத்திலும் 7009 இருந்தால் எண்ணெய் போட்டுத் தாராளமாகக் கட்டுங்கள். சேகரிப்பு நண்பர்களிடம் காட்டும்போது மட்டும் 'ஒரிஜினல்' என்று சொல்லிவிடாதீர்கள், அவர்கள் முதலில் பார்ப்பதே அந்தப் பொடி எழுத்தைத்தான்.