ஒரு பிடி மணல்

போர் என்றதும் களமும் படைக்கலமும் மனக்கண்முன் தோன்றும். களத்திற்குச் செல்லுமுன், ஓர் அறையில் வரைபடங்களைச் சுற்றி அமர்ந்து சிலர் ஆற்றும் பணியை எண்ணிப் பார்ப்போர் குறைவு. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார் திருவள்ளுவர். அம்மூன்றையும் அறியும் பணி எத்துணைக் கடினமானது என்பதை, இரண்டாம் உலகப்போரின்போது பிரான்சு நாட்டின் வடகரையில் நிகழ்ந்த இரு தாக்குதல்கள் உணர்த்துகின்றன.

கற்கள் மறித்த கரை

1942 ஆகஸ்டு 19 விடியற்காலையில், நேச நாட்டுப் படையினர் ஏறத்தாழ 6,000 பேர் டியெப் துறைமுகத்தைத் தாக்கினர். அவர்களுள் 5,000 பேர் கனடா நாட்டினர். அக்கரை முழுவதும் உருண்டு நழுவும் கூழாங்கற்கள். டாங்கிகளின் சக்கரப் பட்டைகளுக்குள் கற்கள் புகுந்தன. பல டாங்கிகள் நகர இயலாமல் நின்றுவிட்டன. கற்களைக் கடந்தவற்றையும் தெருமுகப்பில் இருந்த கான்கிரீட் தடுப்புகள் மறித்தன. இருபுறக் குன்றுகளிலிருந்தும் குண்டுமழை பொழிந்தது. கனடியருள் இங்கிலாந்து திரும்பியோர் ஏறத்தாழ 2,200 பேரே. 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர், எஞ்சியோர் சிறைப்பட்டனர்.

திட்டம் தீட்டியோரிடம் அக்கரையைப் பற்றி இருந்த செய்திகள் மிகக் குறைவு. விடுமுறைக்குச் சென்றோர் எடுத்த பழைய படங்களைக் கொண்டும் கரையின் சரிவை மதிப்பிட்டனர். படம் மேற்பரப்பைக் காட்டும். அது எவ்வளவு எடையைத் தாங்கும் என்று சொல்லாது.

நீந்திச் சென்ற இருவர்

அடுத்த தாக்குதலுக்கான திட்டக்குழு 1943இல் பிரடெரிக் மார்கன் தலைமையில் அமைந்தது. நார்மண்டிக் கரை தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கு மணல் உண்டு. ஆனால், அம்மணலுக்கு அடியில் பழங்காலச் சதுப்பு இருக்கக்கூடும் என்னும் ஐயம் எழுந்தது. இம்முறை ஐயத்தை ஐயமாகவே விட்டுவிடவில்லை. 1943 டிசம்பர் 31 இரவில் லோகன் ஸ்காட் பௌடன், புரூஸ் ஆக்டன் ஸ்மித் என்னும் இரு வீரர்கள் குளிர்ந்த கடலில் நீந்திப் பகைவர் காவல்புரிந்த கரையை அடைந்தனர். கலங்கரை விளக்கின் ஒளி சுழன்று வரும்போதெல்லாம் தரையோடு தரையாகப் படுத்தனர். மணலைத் துளையிட்டு எடுத்துக் குழாய்களில் நிரப்பிக்கொண்டு திரும்பினர். ஒரு பிடி மணலுக்காக இரண்டு உயிர்களைப் பணயம் வைப்பதா என்று வினவலாம். டியெப் கரையில் கிடந்த டாங்கிகளை நினைத்தால் அவ்வினா எழாது.

மார்கன் மூன்று படைப்பிரிவுகளுக்கே திட்டமிட்டார். அவருக்கு ஒதுக்கப்பட்ட கலங்கள் அவ்வளவுதான். 1944 தொடக்கத்தில் பொறுப்பேற்ற மாண்ட்கோமரி அது போதாது என்றார். படைப்பிரிவுகள் ஐந்தாயின, கூடுதல் கலங்கள் வந்துசேர, மே மாதத்திற்குக் குறித்த நாள் ஜூனுக்குத் தள்ளிப்போயிற்று.

மறுப்புரைத்தவர்கள்

பகைவர் நட்ட தடைகள் கண்ணுக்குப் புலப்பட, விடியலில் ஓதம் தாழ்ந்திருக்க வேண்டும். வான்குடைப் படையினர் இறங்க நிலவொளி வேண்டும். இரண்டும் ஒருசேர அமைந்த நாள்கள் ஜூன் 5, 6, 7 மட்டுமே. வானிலையாளர்களோ மூன்று குழுக்களாகப் பிரிந்து முரண்பட்ட கணிப்புகளைத் தந்தனர். அவற்றை ஒன்றாக்கித் தலைமைத் தளபதி ஐசனோவரிடம் உரைக்கும் பொறுப்பு ஜேம்ஸ் ஸ்டாக் என்பவருடையது. ஜூன் 5 அன்று கடல் கொந்தளிக்கும் என்று அவர் துணிந்து கூறினார். சில கப்பல்கள் ஏற்கெனவே கடலில் இருந்தன. ஆயினும், தாக்குதல் ஒருநாள் ஒத்திவைக்கப்பட்டது. ஜூன் 4 இரவு, வெளியே மழையும் காற்றும் வீசிக்கொண்டிருந்தபோது, 6ஆம் நாள் சிறிது தெளியும் என்றார் அவரே. ஐசனோவர் ஏற்றார்.

எல்லா எச்சரிக்கையும் ஏற்கப்பட்டதில்லை. வான்குடைப் படையினருள் பெரும்பகுதியினர் மடிவர் என்று விமானப்படைத் தளபதி லீ மாலரி அஞ்சினார். கடைசி வாரத்தில் அவ்வாறு கூறுவது எளிதன்று. ஐசனோவர் அதை எழுத்தில் தருமாறு கேட்டுப் பெற்றார், தனித்திருந்து ஆராய்ந்தார், திட்டத்தை மாற்றவில்லை. இழப்பு அஞ்சிய அளவுக்கு நேரவில்லை. லீ மாலரி தம் கணிப்பு தவறென்று பின்னர் ஒப்புக்கொண்டார். தவறாகப் போனாலும் அவர் அதைச் சொல்லியது முறையே.

ஓதம் மீண்டும் பொருந்தக்கூடியதாக இருந்தது ஜூன் மூன்றாம் வாரம். அவ்வாரத்தில், 19ஆம் நாள், பெரும்புயல் வீசி அமெரிக்கரின் செயற்கைத் துறைமுகத்தைச் சிதைத்தது.

படைகள் புறப்படுமுன் ஐசனோவர் சிறு தாளொன்றில் சில வரிகள் எழுதித் தம் பணப்பையில் வைத்துக்கொண்டார். தாக்குதல் தோற்றால் வெளியிடவேண்டிய அறிக்கை அது. படையினர் தம் கடமையை முழுமையாகச் செய்தனர் என்றும், பழி ஏதேனும் உண்டெனில் அது தம்முடையது மட்டுமே என்றும் அதில் குறித்திருந்தார். அதன் அடியில் அவர் இட்ட நாள் ஜூலை 5. ஜூன் என்று எழுதவேண்டியவர், அன்றைய மனச்சுமையில் மாதத்தை மாற்றி எழுதிவிட்டார்.