கடல் கடந்து வந்த செய்தி

புதுச்சேரிக்கு அருகில் உள்ள மீனவர் கிராமம் வீராம்பட்டினம். அங்கே கடல்தான் சோறு போடுகிறது. அதே கடல் சில நாள் ஆளையும் கொண்டுபோய்விடும். கடலுக்குப் போனவர் திரும்பும்வரை வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதி இல்லை.

மீனவர்கள் காற்றைப் பார்த்தே கடலின் குணத்தைச் சொல்வார்கள். வாடைக் காற்று என்ன செய்யும், கொண்டல் என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் வெகு தொலைவில் எழும் அலை, கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

அறிவு மையம்

1998-ஆம் ஆண்டு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம் இருந்தது. அங்கே கம்ப்யூட்டரும் இணைய வசதியும் இருந்தன.

இணையம் என்பது என்ன? உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர்களைச் சேர்த்துப் பின்னிய வலை. மீன் வலையில் ஒரு முடிச்சு அடுத்த முடிச்சோடு சேர்ந்திருக்கிறது. அதுபோல ஓர் ஊர்க் கம்ப்யூட்டர் இன்னொரு நாட்டுக் கம்ப்யூட்டரோடு சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இந்த வசதி 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது.

அமெரிக்கக் கடற்படை, கடல் அலைகளின் உயரத்தைக் கணித்து இணையத்தில் வெளியிட்டு வந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. வில்லியனூர் மையத்தில் அதை எடுத்தார்கள். தமிழில் மாற்றிக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். வீராம்பட்டினத்தில் அது ஒலிபெருக்கியில் ஒலித்தது. எழுத்துத் தெரியாதவரும் கேட்டார். கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்று முடிவு செய்தார்.

அமெரிக்கர் பேச்சு வேறு. மீனவர் பேச்சு வேறு. உணவு வேறு, உடை வேறு. ஆனால் கடல் இருவருக்கும் பொது.

ஒரு தொலைபேசி அழைப்பு

நல்லவாடு என்ற மீனவர் கிராமத்திலும் ஓர் அறிவு மையம் இருந்தது. அதில் தொண்டராக வேலை செய்த ஒருவர் பின்னர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. சிங்கப்பூரில் இருந்தவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்தார். உடனே ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். வீட்டுக்குள் கடல்நீர் வருவதாக அவருடைய குடும்பத்தார் சொன்னார்கள்.

“உடனே வெளியேறுங்கள். ஊருக்கும் சொல்லுங்கள்” என்றார் அவர்.

சிலர் அறிவு மையத்துக்கு ஓடினார்கள். தினமும் அலையின் உயரத்தைச் சொல்லும் ஒலிபெருக்கி அன்று ஆபத்தைச் சொன்னது. மக்கள் அதை நம்பினார்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடினார்கள். அலை வந்தது. வீடுகளும் படகுகளும் சேதமடைந்தன. ஆனால் ஊரில் இருந்த சுமார் 3,600 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

எது காப்பாற்றியது?

கருவி மட்டுமா? இல்லை. சிங்கப்பூரில் இருந்தவர் தன் ஊரை மறக்கவில்லை. செய்தி கேட்டவர்கள் தங்கள் வீட்டோடு நிற்கவில்லை, ஊருக்கே சொன்னார்கள். ஒலிபெருக்கி பல ஆண்டுகளாக உண்மையையே சொல்லி வந்தது. அதனால் ஊர் நம்பியது.

2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2011 முதல் இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள மற்ற நாடுகளுக்கும் அது தகவல் தருகிறது. ஒரு காலத்தில் பிற நாட்டாரிடம் செய்தி பெற்றோம். இப்போது நாமும் கொடுக்கிறோம்.

இன்று இணையம் கைப்பேசியிலேயே வந்துவிட்டது. நல்ல செய்தி பரவும் வேகத்தில் பொய்யும் பரவுகிறது. எனவே வந்த செய்தியைப் படிக்க வேண்டும். யார் சொன்னது என்று பார்க்க வேண்டும். உண்மை என்று தெரிந்த பிறகே பிறருக்கு அனுப்ப வேண்டும்.

விடை கூறுங்கள்

1. அலையின் உயரம் பற்றிய தகவல் எந்த நாட்டிலிருந்து வந்தது?
2. அதைத் தமிழில் மாற்றியது ஏன்?
3. நல்லவாடு மக்கள் ஒலிபெருக்கியை ஏன் நம்பினார்கள்?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊருக்கு ஓர் ஆபத்துச் செய்தி வந்தால் எல்லோருக்கும் எப்படிச் சொல்வீர்கள்? படிக்கத் தெரியாதவர்களுக்கு யார் சொல்வார்கள்?